நாலாவது தலைப்பு

"மூணு பிறவி எடுக்கறதா உத்தேசமா?" என்று கேட்டாள் சிக்னெ.

லிஸ்பெத், ஆய்வுத் தலைப்போடு தான் மேஜைமேல் வைத்திருந்த ஒற்றைத் தாளைப் பார்த்தாள். 'இன்றைய உழைப்புலகில் மன அழுத்தம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் அச்சடித்தபோது அது எவ்வளவு கம்பீரமாக இருந்தது! ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் நாலாவது மாடிக்கு வந்ததும் மழையில் நனைந்த கோழியாகச் சுருங்கிவிட்டது.

"நிஜமாத்தான் கேக்கறேன்" என்றாள் சிக்னெ. "மன அழுத்தம்னா உலகம் முழுக்கவா, இல்ல டென்மார்க் மட்டும் போதுமா?"

"டென்மார்க் போதும்."

"உனக்குப் பெரிய மனசு."

சிக்னெ பேராசிரியை. லிஸ்பெத்தைவிடப் பதினாலு வயது இளையவள். சமூகவியலில் அவள் பெயரைச் சொன்னால் நாலு நாட்டில் தலையாட்டுவார்கள். பார்த்தால் கூடைப்பந்து ஆடிவிட்டு அப்படியே வந்தவள் போல இருப்பாள். பேசிக்கொண்டே ஆப்பிளைக் காம்பு, கொட்டை எதையும் விடாமல் தின்று முடிப்பாள். தின்று முடித்தால் சந்திப்பு முடிந்தது என்று அர்த்தம்.

"முதல்ல 'அரசின்மேல் மக்களின் நம்பிக்கை'னு கொண்டு வந்த. அப்புறம் 'தனிமை'. வெறும் தனிமை! இப்ப இது. லிஸ்பெத், நீ எழுதிட்டு வர்ற எல்லாமே எனக்கு ஏற்கெனவே தெரியும். படிச்சிருக்கேன். சிலது நானே எழுதினது."

"அதனாலதான் உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

சிக்னெ சிரித்துவிட்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ இருபது வருஷமா ஒரு ஆபீஸ்ல உக்காந்திருக்க. எனக்குத் தெரியாத ஒண்ண அங்கேருந்து கொண்டு வா. சின்னதா இருந்தா ரொம்ப நல்லது. கையில எடுத்துத் திருப்பிப் பாக்கற அளவுக்கு இருக்கணும்."

"அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி நாள்."

"தெரியும்" என்று ஆப்பிளின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள் சிக்னெ.

ரயிலில் திரும்பும்போது லிஸ்பெத்துக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். சின்னதாக வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி படிக்க வருவது சின்ன விஷயத்துக்காகவா?

அவள் வேலை பார்ப்பது லிம்ஃபியோர்ட் கடற்கழியின் கரையோரத்து நகராட்சி ஒன்றில், நோய்விடுப்பு உதவித்தொகைப் பிரிவில். முதுகு போனவர்கள், மனசு போனவர்கள், இரண்டும் போனவர்கள் எல்லோரும் அவளுடைய தொலைபேசிக்குத்தான் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கோபன்ஹேகனிலிருந்து ஒரு சீர்திருத்தம் வரும். கூடவே, படம் காட்டி விளக்க ஓர் ஆலோசகரும் வருவார். முதல் படத்திலேயே 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று இருக்கும். நோயாளியை வாரம் ஒரு தடவை கூப்பிடச் சொல்கின்றன ஆய்வுகள். அடுத்த சீர்திருத்தத்தில், கூப்பிடவே கூடாது என்றும் ஆய்வுகளே சொல்லும். எந்த ஆய்வும் லிஸ்பெத்திடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாவதற்குள் ஒரு தடவையாவது நானே ஆய்வு செய்து நானே சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்குமேல் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது.

இந்த ஆசைக்கு வழி செய்தது எட்டு வருடமாக அவளுக்கு மேலாளராக இருக்கும் யோன்னா. நகர மன்றத்தில் மல்லுக்கட்டி, ஒரே ஒரு ஊழியர் மூன்று வருடம் பாதி நேரம் அலுவலகத்திலும் பாதி நேரம் பல்கலைக்கழகத்திலுமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள். பேராசிரியை ஒப்புக்கொண்ட தலைப்பு, மேலாளரின் கையெழுத்து, இரண்டும் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்தப் பணம் 'வேலையில் மகிழ்ச்சி' என்ற இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விடும். லிஸ்பெத் அந்தப் பயிற்சியை ஒரு தடவை அனுபவித்தவள். வட்டமாக உட்காரவைத்து, ஒரு கம்பளி நூல்கண்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து, எறியும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். முடிவில் எல்லோரும் நூலில் சிக்கிக்கொண்டு, மகிழ்ச்சிக்குப் பதில் கத்தரிக்கோலைத் தேடினார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ப்ரெபென் எழுந்து நின்று கைதட்டினான்.

"டாக்டரம்மா வந்தாச்சு! எல்லாரும் கால மடக்கி உக்காருங்க. அம்மாவுக்கு வழி விடுங்க."

"தலைப்பு இன்னும் கிடைக்கல, ப்ரெபென். உக்காரு."

"நான் தர்றேன். 'ப்ரெபென்: ஓர் அதிசயம்'. மூணு வருஷம் பத்தாது, நீட்டிப்பு கேக்கணும்."

ப்ரெபென் அவளுக்கு எதிர் மேஜை. அறுபதை நெருங்குகிறவன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். அந்தப் பக்கத்தில் யாராவது கொஞ்சம் தலையை உயர்த்தினால், அந்தத் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவது ஊர் வழக்கம். ப்ரெபென் அந்த வழக்கத்துக்கு உபயதாரர் மாதிரி. ஆனால் லிஸ்பெத்துக்கு முதுகு பிடித்துக்கொண்ட மாதம் முழுவதும் அவளுடைய கோப்புகளை வாய்திறக்காமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டை முடித்துவிட்டு லிஸ்பெத் சிக்னெவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். 'அன்புள்ள சிக்னெ, நீண்ட யோசனைக்குப் பிறகு என்னுடைய இறுதித் தலைப்பு இதுதான்:' என்று அடித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. இரண்டு புள்ளிக்கு அப்பால் வெறும் வெள்ளை. அதையே முறைத்துக்கொண்டிருந்தபோது, அவளைப் பார்க்க வந்தவர் அரை மணி முன்னதாகவே கீழே வந்து அழுதுகொண்டிருப்பதாக வரவேற்பிலிருந்து தொலைபேசி வந்தது. லிஸ்பெத் அப்படியே எழுந்து ஓடினாள். கணினியைப் பூட்டவில்லை.

அந்த அலுவலகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. திரையில் குடிமக்களின் நோய், மருந்து, மனக்கஷ்டம் எல்லாம் இருக்கும். சட்டம் இருக்கிறது, சுவரெல்லாம் அறிவிப்பு இருக்கிறது, வருடா வருடம் கணினியிலேயே ஒரு பாடமும் உண்டு. அந்தப் பாடத்தை எல்லோரும் ரொட்டி கடித்துக்கொண்டே 'அடுத்து, அடுத்து' என்று தட்டி முடித்துவிடுவார்கள். உண்மையில் அவர்களைத் திருத்தியது கேக்தான். யாராவது கணினியைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால், பார்த்தவர் அதில் உட்கார்ந்து, திறந்துபோட்டவர் பெயரிலேயே பிரிவு முழுவதற்கும் ஒரு மெயில் போடுவார்: நாளைக்கு நான் கேக் கொண்டுவருகிறேன். போட்டது போட்டதுதான். மறுநாள் கேக் வந்தாக வேண்டும்.

ப்ரெபென் பார்த்தான். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. மெயில் பெட்டிகூடத் திறந்தே இருந்தது. பாதி வேலை முடிந்தது என்று அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கண்ணாடி நெற்றியில் இருக்க, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே விறுவிறுவென்று அடித்துத் தட்டிவிட்டான்.

லிஸ்பெத் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். அழுதவரைச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டு வந்த களைப்பு. ப்ரெபென் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"நாளைக்குத் தேங்கா தூக்கலா இருக்கணும்" என்றான்.

"ஐயோ, பூட்டலியா நான்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதில் சண்டை போடக்கூடாது, அதுவும் விதி. ஆனால் வழக்கமாக எழும் சிரிப்புச் சத்தம் எந்த மேஜையிலிருந்தும் எழவில்லையே என்று தோன்றியது. அனுப்பிய மெயிலைத் திறந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

'அன்புள்ள சிக்னெ, நீண்ட யோசனைக்குப் பிறகு என்னுடைய இறுதித் தலைப்பு இதுதான்: அன்பர்களே! நாளை ஒன்பதரைக்கு நான் கேக் கொண்டுவருகிறேன். பெரிய தட்டு, மேலே தேங்காயும் சர்க்கரைப்பாகும். புத்தி இல்லாதவளுக்கு இதுவே தகும். பசியோடு வாருங்கள்.'

"ப்ரெபென்" என்றாள் மெதுவாக. "இது யாருக்குப் போயிருக்குன்னு பாரு."

ப்ரெபென் கண்ணாடியை இறக்கிப் படித்தான். ஒரு தடவை படித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை படித்தான்.

"சிக்னெங்கறது..."

"பேராசிரியை."

"திருப்பி எடுத்துட முடியாதா?"

"தபால் பெட்டியில கை விடற மாதிரியா? போயிடுச்சு!"

ப்ரெபென் அவள் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "நான் ஃபோன் பண்றேன். நாந்தான் கழுதைன்னு சொல்றேன். என் வயசச் சொன்னா மன்னிச்சுடுவாங்க."

"நீ எதையும் தொடாம இரு. அது போதும்."

சிக்னெ வகுப்பில் இருந்தாள். தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்று தலைப்பைத் தள்ளிவிட்ட பேராசிரியை நாலாவதாக இதைப் படித்தால் என்ன நினைப்பாள்? கேலி செய்கிறாள் என்றுதானே நினைப்பாள்? லிஸ்பெத் கோபத்தோடு விளக்கம் எழுத ஆரம்பித்தாள். மன்னிப்பு ஒரு வரி. மீதியெல்லாம் ப்ரெபென்மேல் உள்ள எரிச்சலில் கேக் மெயிலைப் பற்றியே நீண்டுபோனது. கடையில் வாங்கிய கேக் செல்லாது, கொண்டுவந்தால் குற்றம் இரண்டாகும். புதிதாகச் சேர்ந்தவர்மேல் கொஞ்ச நாள் போடமாட்டோம், முதல் மெயில் வந்த அன்றுதான் அவருக்கு வேலை உறுதியானதாக எல்லோருக்கும் தோன்றும். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. யாரும் யாரையும் திட்டிக் கேட்டதில்லை, ஆனாலும் எல்லோரும் இப்போது பூட்டிவிட்டுத்தான் போகிறோம், இன்றைக்கு என்னைத் தவிர. ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. படித்துப் பார்த்தால் அனுப்பமாட்டோம் என்று தெரிந்ததால் படிக்காமலே அனுப்பினாள்.

சாயங்காலம் சைக்கிளை எடுக்கிற நேரத்தில் சிக்னெவே அழைத்தாள். முதலில் ஒரு நிமிடம் சிரிப்பு மட்டும் கேட்டது.

"பசியோட வரச் சொல்லியிருக்க. வரணுமா?"

"சிக்னெ, சத்தியமா நான்..."

"நிறுத்து. கேக் மெயில்னு ஒண்ணு இருக்கறது எனக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? ஆனா எங்க கட்டடத்துல ஆளுக்கொரு அறை, அவனவன் கதவச் சாத்திக்கறான். அதுக்குள்ள இத்தன விதி இருக்குன்னு எனக்குத் தெரியாது. முதல் மெயில் வந்தாத்தான் வேலை உறுதின்னு எழுதியிருக்கியே, அத யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்படித்தான் இருக்கும்."

"லிஸ்பெத், இத்தன மாசத்துல நீ எனக்கு எழுதினதுலயே எனக்குத் தெரியாதது இது ஒண்ணுதான். திங்கக்கிழமை வா. வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்த மெயில் யாருக்குப் போகவே போகாது?"

"எல்லாருக்கும்தான் போகும்."

"யோசிச்சுப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

லிஸ்பெத் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள். மழை தூறியது. அவள் கவனிக்கவில்லை. என்ன இது, கேக்கா? இருபது வருடம் மனுஷர்களின் துயரத்தைக் கேட்டுவிட்டு, கடைசியில் கேக்கைப் பற்றி எழுதுவதா? ஆனாலும் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக அவளோடு வீடு வரைக்கும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கேக் வந்திருந்தன. லிஸ்பெத் நியாயப்படி ஒன்று கொண்டுவந்தாள். மெயிலைத் தப்பான இடத்துக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய குற்றம் என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு ப்ரெபென் இன்னொன்று கொண்டுவந்திருந்தான். நடுவில் குழிந்து, நீர் வற்றிய குட்டையாக இருந்தது. காப்பிக் கோப்பைகளோடு எல்லோரும் நின்றார்கள். யோன்னாவும் வந்தாள். உயரமானவள், அளந்து பேசுகிறவள், தானே பின்னிய கம்பளிச் சட்டைதான் எப்போதும் போடுவாள். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு தின்றாள். குழிந்த கேக்கையும் பாராட்டினாள். பிறகு "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். அவள் போனதும் பேச்சுச் சத்தம் கொஞ்சம் கூடியது. அது எப்போதும் அப்படித்தான் கூடும். லிஸ்பெத் இன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள்.

"யோன்னாவுக்கு யாராவது கேக் மெயில் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

எல்லோரும் காப்பிக்குள் எதையோ தேடினார்கள்.

"அவங்க பூட்டிட்டுத்தான் போவாங்க" என்றான் ப்ரெபென்.

"இல்லியே" என்றாள் டித்தெ. அவள்தான் பிரிவிலேயே கடைசியாகச் சேர்ந்தவள், யோன்னாவின் அறைக்கு வெளியேதான் அவளுடைய மேஜை. "திறந்தேதான் கிடக்கும். சாப்பிடப் போறப்ப, மீட்டிங் போறப்ப, எப்பவும். கதவுகூடத் திறந்துதான் இருக்கும்."

"அப்ப ஏன் போடல?"

"நானா? நீங்க யாரும் போடலியே!"

லிஸ்பெத் ப்ரெபென் பக்கம் திரும்பினாள். "நம்ம ஆபீஸ்ல மேல கீழ எதுவும் கிடையாதுன்னு நீதான பெருமையா சொல்லுவ? அமைச்சர் வந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்னு."

"ஆமா. கிடையாது."

"பின்ன யோன்னாவுக்கு ஏன் போடல?"

ப்ரெபென் மூக்குக்கண்ணாடியை இறக்கினான், மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினான். "அது வேற" என்றான் கடைசியில்.

திங்கட்கிழமை சிக்னெ இதைக் கேட்டதும் ஆப்பிளைக் கடிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"'அது வேற'ன்னு சொன்னானா? அந்த ஆளக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு. ஒருத்தன் 'அது வேற'ன்னு சொன்னா அங்கதான் தோண்டணும். மேல கீழ இல்லன்னு சொல்ற நாட்டுல அந்தக் கோடு எங்க ஓடுதுன்னு கேக்கறதுக்கு நான் எத்தன கேள்வித்தாள் தயார் பண்ணியிருப்பேன்! எவனும் ஒத்துக்கல. கேக் காட்டிக்குடுத்துடுச்சு. உன் ஆபீஸ் ஒண்ணு பத்தாது, பக்கத்து நகராட்சிகளுக்கும் போய்ப் பாரு. போய் எதையும் மாத்தாத. சும்மா பாரு."

இருவருமாகச் சேர்ந்து ஒரு தலைப்பை உருட்டித் திரட்டினார்கள்: 'கேக் யாருக்கு வராது? மேல் கீழ் இல்லை என்று சொல்லும் அலுவலகங்களில் சகாக்களின் தண்டனையும் மேலாளரின் இடமும்.' லிஸ்பெத்துக்கு வாசித்துப் பார்க்கவே இனித்தது. அடுத்த நொடியே தாளைக் கீழே வைத்தாள்.

"இதுல யோன்னா கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"உன்ன நாங்க எங்கள்ல ஒருத்தியா நெனைக்கலன்னு அவகிட்டயே எழுதிக் குடுத்து, கையெழுத்தும் கேக்கணும்."

சிக்னெ ஆப்பிளை மேஜைமேல் உருட்டினாள். "மேலாளரை விட்டுட்டு எழுதலாம். வெறும் கேக் தண்டனை. அதையும் நான் ஏத்துக்குவேன், சுவாரசியமாத்தான் இருக்கும். ஆனா உண்மையச் சொன்னா, அது ஆய்வு இல்ல, சமையல் குறிப்பு. முடிவு உன்னோடது."

லிஸ்பெத் மூன்று நாள் அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். யோன்னா கோபக்காரி என்றால் சுலபமாக இருந்திருக்கும். கோபக்காரி இல்லை. இந்த வாய்ப்புக்காக மன்றத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசியவள். வாய்ப்பு வாங்கித் தந்தவளிடமே போய், நீ யாருக்கும் நெருக்கமில்லை என்று அச்சடித்துக் காட்டுவதா? சொல்லாமல் விட்டால் தலைப்பு போய்விடும். சொன்னால் யோன்னாவின் மனசு போய்விடும், அதோடு சேர்ந்து தலைப்பும் போகலாம்.

"விட்டுடு" என்றான் ப்ரெபென். "நல்ல பொம்பள அவ. பாவம். ஃபியோர்ட்ல மீன் குறைஞ்சு போச்சுன்னு எழுது."

"நான் மீன் டாக்டர் இல்ல."

"இன்னும் எந்த டாக்டரும் இல்ல நீ."

அதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை. இவனும்தானே எட்டு வருடமாக அந்தத் திறந்த கதவைத் தாண்டிப் போகிறான், நானும்தானே போகிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த பிறகு சமையல் குறிப்பு எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் யோன்னாவின் அறைக்குப் போய் தாளை மேஜையில் வைத்தாள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. வெளியே ப்ரெபென் வேலை செய்வது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தான்.

யோன்னா வாசித்தாள். அவசரமே இல்லாமல் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் ஆரம்பித்தாள். லிஸ்பெத்துக்குப் பொறுக்கவில்லை.

"பேரு எதுவும் வராது" என்றாள். "ஒரு மேலாளர்னுதான் இருக்கும். உனக்குச் சங்கடமா இருந்தா..."

"நீங்களெல்லாம் கவனிக்கவே இல்லன்னு நெனச்சேன்" என்றாள் யோன்னா.

"எத?"

"நான் திறந்து போட்டுட்டுப் போறத."

லிஸ்பெத் திரும்பி யோன்னாவின் கணினியைப் பார்த்தாள்.

"முதல் வருஷம் மறதி" என்றாள் யோன்னா, தாளைப் பார்த்தபடியே. "அதுக்கப்புறம் வேணும்னேதான். நோயாளிங்க கோப்பு எல்லாத்தையும் மூடிட்டு, மெயில மட்டும் திறந்து வெச்சுட்டுப் போவேன். திரும்பி வந்தா அப்படியே இருக்கும். ஒரு நாள் நாற்காலி நகர்ந்திருந்துச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சாயங்காலம் வரைக்கும் யாராவது சிரிப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் பாத்தா, தரைய துடைக்க வந்தவர் நகர்த்தியிருக்கார்."

சிரிக்க வேண்டிய இடம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நாங்க வந்து..." என்று தொடங்கினாள் லிஸ்பெத்.

"அது வேற. தெரியும். நானும் மேலாளர் ஆகறதுக்கு முன்னாடி, எங்க மேலாளருக்குப் போட்டதில்ல." யோன்னா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா எழுதியிருக்க, லிஸ்பெத். வலிக்குது, ஆனா நல்லா எழுதியிருக்க. எனக்கு ஆப்பிள் கேக் பிரமாதமா வரும், அது இந்தக் கட்டடத்துல யாருக்கும் தெரியாது."

பேனாவை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள்.

"ஆராய்ச்சி நடக்கறப்ப நீ எதையும் மாத்தக் கூடாது, இல்லியா? யாருக்கும் சொல்லிக் குடுக்கவும் கூடாது."

"கூடாது. சும்மா பாக்கணும்."

"அப்ப இன்னும் மூணு வருஷம்" என்று சொல்லிவிட்டு யோன்னா கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணல் இல்லாத, நிதானமான கையெழுத்து. தாளைத் திருப்பி லிஸ்பெத்தின் பக்கம் தள்ளினாள்.

கிடைத்துவிட்டது. இத்தனை மாதம் ரயிலேறி, மூன்று தலைப்பைச் சாகக்கொடுத்து, கடைசியில் கையில் வந்துவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டியவளுக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இந்த உயரமான பெண்மணியின்மேல் அவளுக்குப் பொங்கிக்கொண்டு பிரியம் வந்தது. இத்தனை வருடமாக எங்கே இருந்தது இந்தப் பிரியம் என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

"யோன்னா" என்றாள். "ஆராய்ச்சி செப்டம்பர் ஒண்ணாம் தேதிதான் ஆரம்பிக்குது."

"ஆமா, போட்டிருக்கு."

"இப்ப மே மாசம்தான். இப்ப நான் எந்த ஆராய்ச்சியாளரும் இல்ல."

யோன்னா அவளையே பார்த்தாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு கோப்பாக மூடினாள். எல்லாம் மூடியதும் மெயில் பெட்டி மட்டும் வெளிச்சமாக நின்றது. காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போய்க் காப்பி எடுத்துட்டு வர்றேன்" என்றாள். "அந்த மெஷின் இப்பல்லாம் ரொம்ப மெதுவா இருக்கு."

கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள்.

லிஸ்பெத் மேஜையைச் சுற்றிப்போய் யோன்னாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரிவு முழுவதற்குமான முகவரியைப் போட்டாள். சரியான முகவரிதானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். வாசலில் ப்ரெபென் வந்து நின்றான். அவன் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"லிஸ்பெத்! அது யோன்னாவோட சீட்டு!"

"தெரியுது. உள்ள வா. நீதான் நல்லா எழுதுவ."

"உன் தலைப்பு என்னாகறது? மேலாளருக்கு வராதுன்னுதான உன் தலைப்பே?"

"பக்கத்து நகராட்சியில மேலாளருக்கா பஞ்சம்? வா, சொல்லு, எப்படி ஆரம்பிக்கணும்?"

ப்ரெபென் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் தோளுக்குமேல் குனிந்தான். "'அன்பர்களே'ன்னு ஆரம்பி. அதுக்கப்புறம், 'எட்டு வருஷத்து பாக்கி'ன்னு போடு. தட்டு பெருசா இருக்கணும்."

லிஸ்பெத் அடித்தாள். அனுப்புவதற்கு முன் கண்ணாடிச் சுவர் வழியாக ஒரு தடவை பார்த்தாள். காப்பி மெஷின் பக்கத்தில், கோப்பை நிறைந்து வழியப்போகிற நிலையில், யோன்னா இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பி வர அவளுக்கு அவசரமே இல்லை.